ஃபெஸ் நகரத்துச் சுத்தியல் ஓசை

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத் தொடக்கம். வேலை காரணமாக மொரோக்கோ நாட்டின் காசாபிளாங்கா நகருக்குச் சென்றிருந்தேன். நான்கு நாள் கூட்டம் முடிந்ததும், கையில் இருந்த இரண்டு நாள் விடுப்பை வீணாக்க மனமில்லாமல் ஃபெஸ் நகருக்கு இரயில் ஏறினேன். ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ஒரு விரிவுரையாளர், "உலகத்திலேயே பழைய பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது, தெரியுமா?" என்று கேட்டார். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டு என்றேன் நான். அவர் சிரித்துவிட்டு ஃபெஸ் என்றார். அந்தப் பெயர் பதினைந்து ஆண்டுகளாக மனத்தின் ஒரு மூலையில் கிடந்தது.

இரயில் ராபாட் நகரைக் கடந்தபோது அக்காவிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது. "கடை வீட்டுக்காரர் கடிதம் கொடுத்துட்டாரு தம்பி. டிசம்பர் கடைசிக்குள்ள காலி பண்ணணுமாம். அப்பாகிட்ட இன்னும் யாரும் சொல்லல. நீ சொன்னாத்தான் கேப்பாரு."

என் அப்பா ஒரு பத்தர். பினாங்கு லிட்டில் இந்தியாவில், ஒரு பழைய கடைவீட்டின் அஞ்சடியை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே அவருடைய பட்டறை இருந்தது. கடை என்று சொல்வது மரியாதைக்கு. நான்கு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவர் வெளியே நிற்க வேண்டும். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்து தொடங்கிய தொழில் அது. அப்பா அதில்தான் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். அண்ணன் கணக்காய்வாளர், அக்கா ஆசிரியை, நான் பொறியாளர். பட்டறையில் உட்கார யாரும் இல்லை. உட்காரச் சொல்லி அப்பாவும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

இந்தச் செய்தியைச் சுமந்துகொண்டுதான் ஃபெஸ் நகரில் இறங்கினேன்.

நிலையத்திலிருந்து சிவப்பு நிறச் சிறிய டாக்சியில் ஏறிப் பாப் பூ ஜுலூத் என்னும் வாயிலுக்கு வந்தேன். 'பாப்' என்றால் வாயில். 1913ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இந்த வாயில் வெளிப்பக்கம் நீல நிற ஓடுகளாலும் உட்பக்கம் பச்சை நிற ஓடுகளாலும் அணிசெய்யப்பட்டிருக்கிறது. நீலம் ஃபெஸ் நகரின் நிறம், பச்சை இஸ்லாத்தின் நிறம் என்றார், நான் அமர்த்திக்கொண்ட வழிகாட்டி. அரசாங்க அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த அவருக்கு அறுபது வயதிருக்கும். மலேசியா என்றதும், "ஓ, மகாதீர்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வாயிலைத் தாண்டியதும் டாக்சிக்கும் காருக்கும் வேலை இல்லை. 'ஃபெஸ் எல் பாலி' எனப்படும் இந்தப் பழைய நகரில் மனிதர் நடக்கலாம், கழுதையும் கோவேறு கழுதையும் சுமை தூக்கலாம், அவ்வளவுதான். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சந்துகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். சில சந்துகளில் இரண்டு கைகளையும் விரித்தால் இரு பக்கச் சுவர்களையும் தொட்டுவிடலாம். நான் சுவர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது, "பாலாக்! பாலாக்!" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். வழிகாட்டி என் சட்டையைப் பிடித்து ஒரு கதவோரம் இழுத்தார். எரிவாயுத் தோம்புகளைச் சுமந்த கோவேறு கழுதை ஒன்று என் முழங்கையை உரசிக்கொண்டு சென்றது. 'பாலாக்' என்றால் 'பார்த்து, வழிவிடு' என்று பொருளாம். அன்று நான் கற்ற முதல் மொரோக்கோ அரபுச் சொல் அது. அதைக் கற்காமல் அந்த ஊரில் முழு உடம்போடு நடக்க முடியாது.

நகரின் வயதைக் கேட்டால் நமக்கு மலைப்பாக இருக்கும். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இத்ரிஸ் ஆற்றின் ஒரு கரையில் தொடங்கிய குடியிருப்பு இது. அவருடைய மகன் இரண்டாம் இத்ரிஸ் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுகரையில் தம் நகரை எழுப்பினார். ஸ்பெயினின் அந்தலூசியாவிலிருந்து வந்தவர்கள் ஒரு கரையிலும், துனீசியாவின் கைரவான் நகரிலிருந்து வந்தவர்கள் மறு கரையிலும் குடியேறினர். அதாவது, இந்த நகரத்தைக் கட்டி வளர்த்தவர்களில் பெரும்பகுதியினர் பிழைப்புக்காகவும் உயிருக்காகவும் வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். கேட்டதும் எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது.

'தாலா கெபீரா' என்னும் சரிவான கடைத்தெருவில் இறங்கத் தொடங்கினால் சற்றுத் தொலைவிலேயே பூ இனானியா மதரஸா வருகிறது. மரீனிய சுல்தான் அபூ இனான் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய கல்விக்கூடம் இது. தொழுகையிடங்களுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் நுழைய முடியாத இந்த நகரில், என்னைப் போன்றவர்களும் உள்ளே சென்று பார்க்கக்கூடிய இடம். கீழே சிறு சிறு ஓட்டுத் துண்டுகளை ஒட்டிச் செய்த 'செல்லீஜ்' வேலைப்பாடு. அதற்கு மேலே சுண்ணச் சாந்தில் செதுக்கிய எழுத்துகள். அதற்கும் மேலே தேவதாரு மரத்தில் செதுக்கிய கூரை. ஓர் அங்குலம்கூட வெறுமையாக விடப்படவில்லை. முற்றத்தில் நின்று தலையைச் சுற்றிப் பார்த்தபோது, இவ்வளவையும் செய்தவர்களில் ஒருவருடைய பெயராவது எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். வழிகாட்டி சிரித்தார். "சுல்தான் பெயர் இருக்கிறது," என்றார்.

மதரஸாவுக்கு எதிரில் ஒரு சுவர். அதில் வரிசையாகச் சிறு சன்னல்களும், அவற்றின் கீழே மரக்கட்டைகளும். அதுதான் 1357ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நீர்க்கடிகாரம். நேரத்திற்கு நேரம் உலோகக் குண்டுகள் பித்தளைக் கிண்ணங்களில் விழுந்து ஒலிக்குமாம். "எப்படி வேலை செய்தது?" என்று பொறியாளர் ஆர்வத்தில் கேட்டேன். அந்த இயங்குமுறை இன்று யாருக்கும் முழுமையாகத் தெரியாதாம். சுவர் இருக்கிறது, சன்னல் இருக்கிறது. செய்தவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை. அல்லது சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை. அக்காவின் செய்தி சட்டைப் பையில் கனத்தது.

அங்கிருந்து நறுமணப் பொருள் விற்கும் அத்தாரின் கடைத்தெரு வழியாக அல் கராவிய்யீன் வாசலை அடைந்தோம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் விரிவுரையாளர் சொன்ன இடம். கைரவானிலிருந்து குடிபெயர்ந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்த ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்னும் பெண்மணி, தமக்குக் கிடைத்த பரம்பரைச் சொத்தைக் கொண்டு 859ஆம் ஆண்டில் இந்தப் பள்ளிவாசலைத் தொடங்கினார் என்பது மரபு வழிச் செய்தி. பள்ளிவாசலோடு பாடமும் வளர்ந்து, நூற்றாண்டுகள் கடந்து, 1963ஆம் ஆண்டில் அது அரசுப் பல்கலைக்கழகமாக ஆக்கப்பட்டது. திறந்த கதவின் வழியே முற்றத்தையும் வெள்ளைத் தூண்களையும் எட்டிப் பார்த்தேன். உள்ளே செல்ல எனக்கு அனுமதி இல்லை. வாசற்படியில் நின்றபடியே வணங்கிக்கொண்டேன். படிப்பு நடக்கும் இடம் எதுவானால் என்ன?

இதன் நூலகத்தில் வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் தாமே வழங்கிய கையெழுத்துப் படி இருக்கிறது. ஈரம் கசிந்து பாழாகிக்கொண்டிருந்த அந்த நூலகத்தைச் சீரமைத்துக் கொடுத்தவர் ஃபெஸ் நகரில் பிறந்த அசீசா ஷவுனி என்னும் கட்டடக் கலைஞர். சீரமைப்புப் பணி 2016ஆம் ஆண்டில் நிறைவுற்றது. ஒரு பெண் தொடங்கிய இடத்தை, பதினொன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே ஊர்ப் பெண் ஒருவர் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். நம் தங்கைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மைப் போன்ற தமிழர்களுக்கு ஃபெஸ் நகரோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. அதை அங்கே வைத்துத்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். இப்னு பதூதாவின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மொரோக்கோவின் டான்ஜியர் நகரில் 1304இல் பிறந்து, 1325இல் ஹஜ் பயணத்துக்கென வீட்டை விட்டுக் கிளம்பியவர், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உலகைச் சுற்றிவிட்டு வந்தார். அந்தப் பயணத்தில் மதுரையை அப்போது ஆண்ட சுல்தானின் அவையில் இருந்திருக்கிறார். அந்தச் சுல்தானின் மனைவியும் இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவரும் உடன்பிறந்தவர்கள். உறவினர் என்றும் பாராமல் சுல்தானின் கொடுமைகளை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மதுரையில் கொள்ளைநோய் பரவி மக்கள் மடிந்ததையும் சொல்லியிருக்கிறார். இலங்கையின் புத்தளத்தில் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்திருக்கிறார். நம் மலாக்கா நீரிணையின் மறுகரையில், சுமத்ராவின் பாசாய் அரசையும் கண்டிருக்கிறார்.

ஆனால் நண்பர்களே, இப்னு பதூதா இதை உட்கார்ந்து எழுதவில்லை! ஊர் திரும்பியவரின் கதைகளைக் கேட்ட சுல்தான் அபூ இனான், அவற்றை எழுத்தில் பதிக்க ஆணையிட்டார். கிரனாடாவைச் சேர்ந்த இப்னு ஜுஸய் என்னும் இளைஞர் எழுத்தராக அமைந்தார். பெரியவர் சொல்லச் சொல்ல இளையவர் எழுதி, 1355ஆம் ஆண்டு டிசம்பரில் நூல் முடிந்தது. எழுதி முடித்த சில காலத்திலேயே அந்த இளைஞர் இறந்துபோனார். இது நடந்த ஊர் இதே ஃபெஸ். நான் சற்று முன் பார்த்துவிட்டு வந்த மதரஸாவில் கொத்தர்களும் தச்சர்களும் வேலை செய்துகொண்டிருந்த காலம் அது. மதுரையின் கொள்ளைநோயும் புத்தளத்து அரசரும் இந்தச் சந்துகளுக்கு நடுவே எங்கோ ஓர் அறையில் காகிதத்தில் ஏறினார்கள். ஒருவர் உட்கார்ந்து எழுதியிராவிட்டால் எல்லாம் ஒரு கிழவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

மதிய உணவுக்குப் பிறகு தோல் பதனிடும் ஷவாரா பட்டறைக்குச் சென்றோம். சுற்றியுள்ள தோல் கடைகளின் மேல்மாடத்திலிருந்துதான் பார்க்க முடியும். படியேறும்போதே கையில் ஒரு கொத்து புதினா கொடுத்தார்கள். எதற்கு என்று மேலே போனதும் புரிந்தது. மூக்கருகே புதினாவைப் பிடிக்காமல் அங்கே நிற்க முடியாது. கீழே தேன்கூடு போல நூற்றுக்கணக்கான கல் தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பு நீரும் புறாவின் எச்சமும். சுண்ணாம்பு மயிரை நீக்கும். எச்சத்திலுள்ள அமோனியா தோலை மிருதுவாக்கும். மற்றத் தொட்டிகளில் சிவப்பு, பழுப்பு, மஞ்சள் எனச் சாயங்கள். தொடை வரை சாயத்தில் இறங்கி மனிதர்கள் தோல்களை மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

சுற்றுப்பயணிகள் எல்லாரும் படம் எடுத்தோம். நானும் எடுத்தேன். கீழே நின்ற ஒருவர் தலையை உயர்த்தி எங்களைப் பார்த்தார். கோபமோ சிரிப்போ இல்லாத பார்வை. "இவர்களுடைய பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்களா?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "நீங்கள் வருவீர்களா?" என்று திருப்பிக் கேட்டார். நான் புதினாவை முகர்ந்துகொண்டேன். பழைமையைக் காக்க வேண்டும் என்று மேல்மாடத்திலிருந்து சொல்வது எளிது. தொட்டிக்குள் நிற்பவருக்கு முழங்கால் வலிக்கும்.

இறங்கி வரும் வழியெல்லாம் சாய்ந்த சுவர்களுக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். 1912ஆம் ஆண்டின் ஃபெஸ் உடன்படிக்கைக்குப் பின் பிரெஞ்சுக்காரர்கள் தலைநகரை ராபாட்டுக்கு மாற்றினார்கள். பழைய நகரை இடிக்காமல் விட்டுவிட்டு, அதற்கு வெளியே அகன்ற சாலைகளோடு புதிய நகரைக் கட்டினார்கள். இடிக்கவில்லை என்பதால் நகரம் பிழைத்தது. ஆனால் வசதி படைத்த குடும்பங்கள் மெல்ல மெல்லப் புதிய நகருக்கும் காசாபிளாங்காவுக்கும் போய்விட, பெரிய வீடுகளில் கிராமங்களிலிருந்து வந்த ஏழைகள் அறைக்கு ஒரு குடும்பமாகக் குடியேறினர். 1981ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமையாக அறிவித்தது. இப்போது அதே பெரிய வீடுகளில் பல சுற்றுப்பயணிகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. நானும் அப்படி ஒரு விடுதியில்தான் தங்கியிருந்தேன்.

இந்தக் கதை பினாங்குக்காரனான எனக்குப் புதிதல்ல. ஜார்ஜ்டவுன் நகரில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, அதன் பாதுகாப்பு 1999 இறுதியோடு முடிந்தபோது, எத்தனையோ கைவினைஞர்கள் கடைவீடுகளைக் காலி செய்தார்கள். எங்கள் அப்பா அன்று தப்பியது வீட்டுக்காரர் நல்லவர் என்பதால். 2008இல் ஜார்ஜ்டவுனும் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுடைமை ஆனது. நாங்கள் கைதட்டினோம். நல்ல வீட்டுக்காரர் இறந்தபின் அவருடைய பிள்ளைகளுக்கு அந்தக் கடைவீட்டின் புதிய விலை தெரிந்தது. அவர்களையும் எப்படிக் குறை சொல்வது?

பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஒரு சந்தைக் கடந்ததும் ஓசை வந்தது. டங், டங், டங். ஒரு சுத்தியல் அல்ல, பத்துப் பன்னிரண்டு சுத்தியல்கள், ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று விழுந்தன. வழிகாட்டி சொல்லத் தேவையில்லாமலே என் கால்கள் அந்தப் பக்கம் திரும்பின. அது செஃபாரின் சதுக்கம். நூலகத்தின் வாசலை ஒட்டிய சிறு வெளி, நடுவில் ஒரு மரம், சுற்றிலும் செம்பு அடிப்பவர்களின் பட்டறைகள். அண்டாக்கள், தேநீர்க் கெண்டிகள், தட்டுகள் வாசல்வரை அடுக்கியிருந்தன.

ஒரு பட்டறையில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் காலால் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு அதன் விளிம்பை அடித்துக்கொண்டிருந்தார். அருகில் பதினெட்டு வயதுப் பையன். அவர் பேசவே இல்லை. பையன் தவறான இடத்தில் அடித்தபோது தம் சுத்தியலால் பட்டடையில் இரண்டு தட்டுத் தட்டினார். பையன் கையை மாற்றிக்கொண்டான். என் அப்பாவும் அப்படித்தான். சிறு வயதில் நான் பட்டறையில் எதையாவது எடுத்து விளையாடினால் பேச மாட்டார். மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

என்னை அறியாமல், "என் தந்தையும் இந்த வேலைதான். தங்கத்தில்," என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டேன். அவர் அதை அரபியில் சொன்னதும் பெரியவர் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். புதினாத் தேநீர் வந்தது. அவருடைய மூத்த மகன் பிரான்சில் வண்டி ஓட்டுகிறானாம். இந்தப் பையன் தங்கை மகனாம். இவனும் எத்தனை நாள் இருப்பான் என்று தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். பையனும் சிரித்தான்.

பிறகு அவர் தம் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லிக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் தலையாட்டினேன். அப்புறம் ஒரு சிறிய கருவியை எடுத்தார். நீளமாக, முனை கூராக, இரண்டு கால்களும் சேர்ந்து இறுகும் பிடிப்பான். அதே கருவியை அப்பாவின் கையில் நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். "உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று வழிகாட்டி மூலம் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

நண்பர்களே, நான் 2003ஆம் ஆண்டில் நம் பேரவையின் செயலவையில் இருந்தவன். தமிழைக் காப்போம் என்று மேடையேறிப் பேசிக் கோப்பை வாங்கியவன். இதே ஆண்டு மலரில் 'மறைந்துவரும் தமிழ்ச் சொற்கள்' என்று நான்கு பக்கக் கட்டுரை எழுதியவன். அந்தக் கட்டுரைக்காக நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து அகராதி புரட்டினேன். அந்த விடுமுறையில் பினாங்குக்குப் போய், பட்டறையில் அப்பா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். ஏனோ அது எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியவர் இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்துவிட்டேன்," என்றேன். அது பொய். மறப்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை மரீனியர் கல்லறைகள் இருக்கும் குன்றின் மேல் ஏறினேன். கீழே ஃபெஸ் நகரம் மண் நிறத்தில் ஒரே கட்டடம் போலக் கிடந்தது. சூரியன் இறங்கியதும் ஒரு பள்ளிவாசலில் பாங்கு தொடங்க, இன்னொன்று சேர்ந்துகொள்ள, நகரம் முழுவதும் ஒலித்தது. குன்றிலிருந்து இறங்கிய பிறகு, ஓர் அரசாங்கக் கட்டடத்தின் பெயர்ப்பலகையில் அரபு எழுத்துக்குக் கீழே வட்டமும் கோடுமான விநோத எழுத்துகளைப் பார்த்தேன். அவை தமாசிக்த் மொழிக்குரிய திஃபினாக் எழுத்துகள். அரபியர் வருவதற்கு முன்பிருந்தே அந்த நாட்டில் பேசப்பட்டுவரும் மொழி. 2011ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்தில்தான் அதிகாரத்துவ மொழியானது. அதுவரை அதை யார் காப்பாற்றினார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "என் அம்மா," என்றார் அவர்.

இரவு பதினொரு மணிக்கு விடுதி அறையிலிருந்து அப்பாவை அழைத்தேன். பினாங்கில் காலை ஆறு மணி. விளக்கேற்றியிருப்பார்.

"என்ன தம்பி, இந்நேரத்துல? உடம்பு நல்லாருக்கா?"

"நல்லாருக்கேன்ப்பா. கடை விஷயமா…"

"தெரியும்யா. அந்தப் பையன் மூணு மாசத்துக்கு முன்னயே எங்கிட்ட வந்து சொல்லிட்டான். நீங்க மூணு பேரும் மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் நான் வாயத் தொறக்கல."

எனக்குப் பேச்சு வரவில்லை. நாங்கள் அவரிடம் மறைக்க, அவர் எங்களிடம் மறைத்திருக்கிறார். சற்று நேரம் கழித்து அவரே கேட்டார்: "அங்க எப்படி, ஊர்?"

செம்புப் பட்டறைகளைப் பற்றிச் சொன்னேன். அவருடைய குரல் மாறியது. தகடு எவ்வளவு கனம்? அடுப்பு நிலக்கரியா, கேஸா? உட்கார்ந்து அடிக்கிறார்களா, நின்றா? பாதிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பார்த்ததைச் சொன்னேன். கடைசியில் கேட்டேன்: "அப்பா, நீங்க பொடி நகையப் புடிக்கிறதுக்கு வெச்சிருப்பீங்களே, கூரா, ரெண்டு காலோட… அதுக்குப் பேர் என்ன?"

"சாமணம்." உடனே வந்தது பதில். பிறகு, "ஏன்யா கேக்குற?" என்றார்.

"ஒருத்தர் கேட்டாரு. எனக்குத் தெரியல."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வா. வந்ததும் சொல்றேன்," என்றார்.

மறுநாள் காலை இரயிலுக்கு முன் செஃபாரின் சதுக்கத்துக்கு ஓடினேன். வழிகாட்டி இல்லாமல் இரண்டு முறை வழிதவறி, ஓசையைக் கேட்டு வந்து சேர்ந்தேன். பெரியவர் கடையைத் திறந்துகொண்டிருந்தார். அந்தக் கருவியைக் கையில் எடுத்துக் காட்டி, "சாமணம்," என்றேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். 'ண'கரம் அவருக்கு வரவில்லை. பையனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவனுக்கு வந்தது.

2018 டிசம்பர் 31ஆம் தேதி கடையைக் காலி செய்தோம். பட்டறையைக் காப்பாற்றினேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். முடியவில்லை. அண்ணன் வேறு கடை பார்க்கலாம் என்றார். கண் மங்கிவிட்டது, போதும் என்று அப்பாவே மறுத்துவிட்டார். கருவிகளை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடலாம் என்ற பேச்சு வந்தபோது மட்டும் நான் குறுக்கே நின்றேன். பட்டறை மேசை இப்போது எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் அடைபட்டபோது, நானும் அப்பாவும் அந்த மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்தோம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். நான் எழுதினேன். ஊதுகுழல், குறடு, கம்பியச்சு, உரைகல், மூசை, குமுட்டி அடுப்பு, வெங்காரம், அரம். கருவியின் பெயரோடு நிற்காமல், அதைப் பிடிக்கும் முறைக்கு ஒரு சொல், நெருப்பின் நிறத்துக்கு ஒரு சொல், கெட்டுப்போன பற்றவைப்புக்கு ஒரு திட்டு என்று சொல்லிக்கொண்டே போனார். மொத்தம் 94 சொற்கள் சேர்ந்தன. நான்கு கருவிகளின் பெயர் அவருக்கே நினைவுக்கு வரவில்லை. "தாத்தாவக் கேட்டிருக்கணும்," என்றார். அந்த நான்குக்கும் குறிப்பேட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. மாலையில் அந்த மேசைமுன் உட்கார்ந்து ஏதாவது ஒரு கருவியைத் துடைத்துக்கொண்டிருப்பார். என் மகள் அதை எடுத்து விளையாடினால், மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

தம்பி, தங்கைகளே, ஃபெஸ் நகருக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தால் போய் வாருங்கள். வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள்; புதினாவை வாங்கிக்கொள்ளுங்கள்; 'பாலாக்' என்று கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன், வருகிற பருவ விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். பால்மரம் வெட்டிய பாட்டியோ, லாரி ஓட்டும் மாமாவோ, தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்த அம்மாவோ, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்குப் பேர் என்ன?" என்று கேளுங்கள்.